நிதிப் பங்கீடும் அரசியல் விசையும்

2021 பிப்ரவரி 1 அன்று வெளியான ஒன்றிய நிதிநிலை அறிக்கை, பெட்ரோலுக்கு லிட்டருக்கு இரண்டரை ரூபாயும் டீசலுக்கு நான்கு ரூபாயும் வேளாண் உட்கட்டமைப்பு மேல்வரியாக விதித்தது. ஆயினும் அதனால் விற்பனை நிலையங்களில் விலை ஏறவில்லை. மேல்வரியை விதித்த அதே அறிவிப்பில் அடிப்படை உற்பத்தி வரியும் சிறப்புக் கூடுதல் வரியும் குறைக்கப்பட்டிருந்தன. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒன்றிய அரசுக்குச் சேரும் தொகை 32 ரூபாய் 98 காசிலிருந்து 32 ரூபாய் 90 காசாயிற்று. வண்டியோட்டிக்கு எட்டுக் காசு வேறுபாடு. அவர் அதை அறிந்திருக்கவும் மாட்டார்.

வேறுபாடு உள்ளே நிகழ்ந்தது. அந்தத் தொகையில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய பகுதி அடிப்படை உற்பத்தி வரி ஒன்றே. அது 2 ரூபாய் 98 காசிலிருந்து 1 ரூபாய் 40 காசாகச் சுருங்கியது. டீசலில் 4 ரூபாய் 83 காசிலிருந்து 1 ரூபாய் 80 காசாக. பகிர்வு விகிதம் 41 விழுக்காடு என்பதால், ஒரு லிட்டர் பெட்ரோலின் ஏறத்தாழ 33 ரூபாய் ஒன்றிய வரியில் 28 மாநிலங்களும் சேர்ந்து பெற்றது 57 காசு. மாநிலங்கள் தனியே விதிக்கும் விற்பனை வரி வேறு கணக்கு. இங்கே நாம் காண்பது, விலையையோ விகிதத்தையோ தொடாமல், வரியின் பெயரை மட்டும் மாற்றிப் பங்கைக் குறைக்க முடியும் என்பதை.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. அந்நாளில் மாநிலங்களோடு பகிரப்பட்ட பெரிய வரிகளுள் வருமான வரி ஒன்று. 1959ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், நிறுமங்கள் செலுத்திய வருமான வரியை நிறும வரி என வகைமாற்றியது. நிறும வரி பகிர்வுக்கு உட்படாதது. மாநிலங்கள் நெடுநாள் முறையிட்டன. 2000ஆம் ஆண்டின் 80ஆம் அரசமைப்புத் திருத்தம் ஒன்றிய வரிகள் அனைத்தையும் பகிர்வுத் தொகுப்புக்குள் கொண்டுவந்தபோது அந்த முறையீட்டுக்குத் தீர்வு கிடைத்ததாகத் தோன்றியது. ஆனால் செஸ் என வழங்கும் மேல்வரிக்கும் சர்சார்ஜ் எனப்படும் கூடுதல்வரிக்கும் அத்திருத்தம் விலக்களித்தது. 2011-12இல் ஒன்றியத்தின் மொத்த வரி வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இருந்த இவ்விரண்டும் 2020-21இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காயின. 41 விழுக்காடு என்று சட்டப்படி சொல்லப்படும் பங்கு, மொத்த வரி வருவாயோடு ஒப்பிடுகையில் மூன்றில் ஒன்றை ஒட்டியே நிற்பதற்குக் காரணம் இதுவே.

எந்தக் கூட்டாட்சியிலும் நடுவணரசு மாநிலங்களுக்குப் பணம் தந்தாக வேண்டும். எல்லை கடந்து நகரும் வருவாயையும் சரக்கையும் நடுவணரசு வரிவிதித்துப் பெறுவது எளிது; பள்ளி, மருத்துவமனை, காவல், பாசனம் ஆகியவற்றை அருகிருக்கும் அரசு நடத்துவது எளிது. இந்தியாவில் இரு நிலை அரசுகளும் திரட்டும் வருவாயில் ஏறத்தாழ 63 விழுக்காட்டை ஒன்றியம் திரட்டுகிறது. செலவில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாநிலங்கள் ஏற்கின்றன. இவை பதினைந்தாம் நிதிக்குழு 2018-19ஆம் ஆண்டுக்குக் காட்டிய கணக்கு. இந்த இடைவெளி நிரப்பப்பட வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. நிரப்பும் கை யாருடையது, அது எதை எண்ணி நிரப்புகிறது என்பதே ஆய்வுக்குரியது.

அரசமைப்பை இயற்றியோர் இதை முன்னுணர்ந்தே 280ஆம் பிரிவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமையும் நிதிக்குழுவை வைத்தனர். முதற்குழு 1951இல் கே. சி. நியோகி தலைமையில் அமைந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1950 மார்ச்சில், அமைச்சரவைத் தீர்மானம் ஒன்றின் வழியே திட்டக்குழு பிறந்துவிட்டது. அரசமைப்பில் அதற்கு இடமில்லை; தலைவர் பிரதமர். திட்டக்குழு வழியே மாநிலங்களுக்குப் பணம் செல்லப் பயன்பட்டது 282ஆம் பிரிவு. பல்வகை நிதி ஏற்பாடுகள் என்ற தலைப்பின்கீழ் ஓரமாகக் கிடந்த இப்பிரிவு, பொதுநோக்கம் எதற்கும் மானியம் தரலாம் என்று மட்டும் கூறுகிறது. விதிவிலக்காக எண்ணப்பட்ட அந்தச் சிறுவாயில் ஒன்றிரண்டு ஐந்தாண்டுத் திட்டங்களுக்குள் பெருவழியாயிற்று.

ஏ. கே. சந்தா தலைமையிலான மூன்றாம் நிதிக்குழுவின் பெரும்பான்மையினர், மாநிலத் திட்டங்களின் வருவாய்ச் செலவில் 75 விழுக்காட்டை நிதிக்குழு வழியே அளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தனர். உறுப்பினர்-செயலர் மட்டும் மாறுபட்டார். அரசு அந்த ஒருவர் பக்கம் நின்றது! நான்காம் குழுவின் தலைவரும் முன்னாள் சென்னைத் தலைமை நீதிபதியுமான பி. வி. இராசமன்னார், நிதிக்குழு, திட்டக்குழு இரண்டின் பணிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதை வெளிப்படையாகச் சுட்டினார். சில ஆண்டுகளில், 1969இல், தமிழ்நாடு அரசு ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய அமைத்த குழுவுக்கு அவரே தலைவரானது தற்செயலன்று.

அதே 1969இல் காட்கில் சூத்திரம் வந்தது. மாநிலத் திட்டங்களுக்கான நடுவண் உதவியில் 60 விழுக்காடு மக்கள்தொகைக்கு. மீதி 40 விழுக்காடு தனிநபர் வருமானக் குறைவு, வரி முயற்சி, நடப்பிலுள்ள பாசன மின் திட்டங்கள், தனிச்சிக்கல்கள் என்ற நான்குக்கும் பத்துப் பத்தாக. 1967 தேர்தலில் பல மாநிலங்களில் காங்கிரசு ஆட்சி இழந்ததை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே கட்சி எங்கும் ஆண்டவரை பங்கீட்டைப் பற்றிய பூசல் கட்சியின் உள்வீட்டுச் செய்தி. எதிர்க்கட்சி முதலமைச்சர்கள் மேசைக்கு வந்தபின், எழுத்தில் ஒரு விதி தேவைப்பட்டது. சூத்திரம் அறிவின் வெற்றியென்று பாடநூல்கள் சொல்லும். நான் அதை 1967இன் விளைவென்றே கொள்கிறேன்.

இனி அறிவியலின் கேள்விக்கு வருவோம். ஆளுங்கட்சி பணத்தை அரசியல் நோக்கோடு பங்கிடுகிறது என்று வைத்துக்கொண்டால், எங்கே அதிகம் தரும்? இதற்கு இரண்டு விடைகள் போட்டியிடுகின்றன. கேரி காக்சும் மேத்யூ மெக்கபின்சும் 1986இல் எழுதிய கட்டுரையின்படி, அரசியலாளர் துணிந்து சூதாடாதவராயின் தம் உறுதியான ஆதரவாளர் வாழும் இடத்துக்கே தருவார். அங்கே பலன் நிச்சயம். அசார் லிண்ட்பெக்கும் யோர்கன் வெய்புல்லும் 1987இல் எதிர்த்திசையில் வாதிட்டனர். உறுதியான ஆதரவாளர் எப்படியும் வாக்களிப்பர், உறுதியான எதிரிகள் எப்படியும் மாட்டார். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவோரிடமே பணம் செல்லும் என்றனர். இரண்டும் ஏற்கத்தக்க தருக்கமே. எது மெய் என்பதைத் தரவுதான் சொல்ல வேண்டும்.

தரவைச் சொல்லவைப்பது எளிதாக இல்லை. அமெரிக்காவில் 1930களின் பெருமந்தத்தின்போது ரூசுவெல்ட் ஆட்சி செலவிட்ட பணத்தைத் தலைக்கு இவ்வளவென்று கணக்கிட்ட லெனார்டு ஆரிங்டன், ஒரு வியப்பைக் கண்டார். வறுமை மிகுந்த தென்மாநிலங்களைவிட மேற்கு மாநிலங்கள் மிகுதியாகப் பெற்றிருந்தன, நெவாடா முதலிடத்தில். தெற்கு ரூசுவெல்ட் கட்சியின் அசையாக் கோட்டை. 1974இல் கேவின் ரைட் இதற்குத் தேர்தல் விளக்கம் தந்தார்: வாக்குப்போக்கு நிலையாக இல்லாத, தலைக்குக் கணக்கிட்டால் அதிபர் தேர்தலின் தேர்வாளர் வாக்கு மிகுந்த மாநிலங்களில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் அரசியல் விளைச்சல் அதிகம். பின்வந்தோர் மறுத்தனர். மேற்கில் நிலம் மிகுதி, அதில் பெரும்பகுதி நடுவணரசின் உடைமை, மக்கள் குறைவு. சாலையும் அணையும் அங்கே தலைக்கு அதிகம் செலவாகத்தானே செய்யும்? ஒரே எண்ணை அரசியலும் விளக்குகிறது, நிலவியலும் விளக்குகிறது. இந்தத் துறையின் மையச் சிக்கலே இதுதான். ஆளுங்கட்சி வென்ற மாநிலம் அதிகம் பெற்றது என்று காட்டுவது போதாது. அம்மாநிலம் ஏழ்மையாலோ வெள்ளத்தாலோ பெற்றதில்லை என்றும் காட்ட வேண்டும்.

இதை அவிழ்க்கும் நுட்பமொன்றைப் பிரேசில் ஆய்வொன்றில் காணலாம். பெர்னாண்டா ப்ரோலோ, டோமாசோ நன்னிசினி இருவரும் 2012இல் வெளியிட்ட அந்த ஆய்வு, மயிரிழையில் முடிவான நகராட்சித் தேர்தல்களை மட்டும் பிரித்தெடுத்தது. ஒரு நகரில் அதிபரின் கூட்டணி வேட்பாளர் நூறு வாக்கில் வென்றார். இன்னொன்றில் அதே கூட்டணியின் வேட்பாளர் நூறு வாக்கில் தோற்றார். அந்நாளில் மழை பெய்ததா, ஒரு வண்டி பழுதானதா என்பதுகூட முடிவை மாற்றியிருக்கும். ஆகவே மக்கள்தொகை, வருமானம், தேவை ஆகியவற்றில் அந்நகரங்கள் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. மேயரின் கட்சி ஒன்றே வேறுபாடு. இயற்கை தானே நடத்திவைத்த சோதனை அது. முடிவு தெளிவாக வந்தது: தேர்தலுக்கு முந்தைய இரு ஆண்டுகளில், நடுவணரசு தன் விருப்பப்படி அளிக்கும் உட்கட்டமைப்பு நிதியில், அதிபரின் அணியைச் சேர்ந்த மேயர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் பெற்றனர். கூர்ந்து நோக்கினால் அதன் பெரும்பகுதி நண்பருக்குக் கொடுத்ததால் வந்த வேறுபாடன்று; நூலிழையில் வென்ற எதிரணி மேயரின் கையைக் கட்டியதால் வந்தது. அடுத்த தேர்தலில் வீழ்த்தத்தக்கவர் என்று தெரிந்தவரிடம் பணம் போய்ச் சேரவில்லை.

இந்தியாவுக்கான ஆய்வுகளில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஸ்துதி கேமானி, திட்டக்குழு வழிச் சென்ற பணத்தையும் நிதிக்குழு வழிச் சென்ற பணத்தையும் தனித்தனியே அளந்தார். தில்லியின் கட்சியே மாநிலத்திலும் ஆண்டால் திட்ட நிதி கூடியது. நிதிக்குழுவின் பணமோ அப்போக்கைக் காட்டவில்லை. அதை ஓரளவு ஈடுசெய்யும் திசையில் நகர்ந்தது. இராசமன்னார் அனுபவத்தால் உணர்ந்ததை எண்கள் பின்னர் மெய்ப்பித்தன எனலாம்.

2009இல் விஜி அருளம்பலம், சுகதோ தாஸ்குப்தா, அம்ரிதா தில்லான், பாஸ்கர் தத்தா ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வு, காக்சும் லிண்ட்பெக்கும் நடத்திய வழக்கில் இரு பக்கமும் பாதி மெய் என்றது. ஒன்றியத்தோடு கட்சியால் ஒன்றிய மாநிலம், அதே வேளை முந்தைய தேர்தலில் போட்டி கடுமையாக இருந்த மாநிலம். இவ்விரு பண்பும் சேர்ந்தவை, இரண்டும் இல்லாதவற்றைவிட ஏறத்தாழ 16 விழுக்காடு அதிகம் பெற்றன. ஏன் இரண்டும் சேர வேண்டும் என்பதற்கு அவர்கள் தந்த விளக்கமே எனக்கு ஆய்வின் சிறந்த பகுதியாகத் தோன்றுகிறது. தில்லி பணம் தருகிறது. பாலம் கட்டுவது மாநிலம். வாக்காளர் யாருக்கு நன்றி சொல்வார்? இரு அரசும் ஒரே கட்சியெனில் நன்றி எங்கே போனாலும் ஒரே கணக்கில் வரவாகும். மாநிலத்தில் எதிர்க்கட்சி ஆண்டால் நன்றியின் ஒரு பகுதி அங்கே கசிந்துவிடும். கொடுத்த பணத்தில் எதிரி பெயர் வாங்குவான்.

இந்தக் கசிவைப் புரிந்துகொண்டால் இன்றைய பூசல்கள் பலவற்றுக்குப் பொருள் விளங்கும். வீட்டுச் சுவரில் எந்தத் திட்டத்தின் பெயர்ப்பலகை, யாருடைய சின்னம் என்பதற்காக அரசுகள் கடிதப் போர் நடத்துவது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். மேற்கு வங்கம் பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்துக்கு வங்கத்தின் பெயரைச் சூட்டியது. கேரளம் தன் வீடுகளில் ஒன்றியத்தின் சின்னம் பதிக்க மறுத்தது. பெரும்பாலான ஒன்றியத் திட்டங்களில் மாநிலமும் 40 விழுக்காடு செலுத்துகிறது. பலகையில் மட்டும் பங்கு கேட்கக்கூடாதா என்பது மாநிலங்களின் வாதம். கசிவை அடைக்க முயல்வோர் ஒருபுறம், அதை அகலமாக்க முயல்வோர் மறுபுறம்.

2015 சனவரி 1 அன்று திட்டக்குழு மறைந்து நிதி ஆயோக் வந்தது. பணம் பங்கிடும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. அதே காலத்தில் ஒய். வி. ரெட்டி தலைமையிலான பதினான்காம் நிதிக்குழு மாநிலப் பங்கை 32இலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தியது. விருப்பப்படி கொடுக்கும் கை கட்டுண்டது என்று அப்போது பலர் எழுதினர். கை கட்டுண்டது உண்மை. ஆனால் வேறு கைகள் முளைத்தன. மேல்வரி வளர்ந்ததை மேலே கண்டோம். 2020-21இல் 12,000 கோடி ரூபாயில் தொடங்கிய, மாநில மூலதனச் செலவுக்கான ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடன், 2022-23இன் நிதிநிலை அறிக்கையில் 1 லட்சம் கோடியாயிற்று. பயனுள்ள கடன்தான், மாநிலங்கள் விரும்பியே பெறுகின்றன. ஆயினும் அதன் ஒரு பகுதி ஒன்றியம் வகுக்கும் சீர்திருத்த நிபந்தனைகளோடு பிணைந்தது. அதன் விதிகளை எழுதுவது நிதிக்குழு அல்ல, நிதியமைச்சகம்.

தேர்தல் காலத்துப் பெருந்தொகுப்புகள் வேறு வகை. 2015 ஆகஸ்டு 18 அன்று ஆரா நகரில் பிரதமர் பீகாருக்கு 1.25 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பை அறிவித்தார். சில மாதங்களில் நடந்த தேர்தலில் அவர் கட்சி தோற்றது. பணத்தால் வாக்கு வந்தே தீரும் என்று எண்ணுவோர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். 2024 சூலை நிதிநிலை அறிக்கையில் ஆந்திரத் தலைநகருக்கு 15,000 கோடி, பீகாரின் சாலைகளுக்கு 26,000 கோடி என்று அறிவிப்புகள் வந்தன. மக்களவையில் பெரும்பான்மைக்குத் தேவைப்பட்ட 16 இடங்கள் தெலுங்கு தேசத்திடமும் 12 இடங்கள் ஐக்கிய சனதா தளத்திடமும் இருந்த வேளை அது. ஆந்திரத் தொகை பன்னாட்டு வங்கிகள் வழி ஏற்பாடு செய்யப்படுவது; மாநிலப் பிரிவினைச் சட்டத்தின் கடப்பாடும் அதன் பின்னே உண்டு. ஆனால் கடப்பாடு 2014இலேயே இருந்தது. அதற்கு வேகம் கிடைத்த ஆண்டு 2024.

நிறுத்திவைப்பதும் பங்கீட்டின் ஒரு முகமே. முறைகேடு காட்டி, 2022 மார்ச்சு முதல் மேற்கு வங்கத்துக்கு ஊரக வேலைத் திட்ட நிதி நிறுத்தப்பட்டது. முறைகேட்டை விசாரிப்பது வேறு, கூலியாளின் வேலையையே நிறுத்துவது வேறு என்று கருதிய கொல்கத்தா உயர்நீதிமன்றம் 2025 ஆகஸ்டு முதல் திட்டத்தைத் தொடரச் சொன்னது. தமிழ்நாட்டின் பள்ளிக்கல்விக்கான ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த ஒப்பந்தத்தில் மாநிலம் கையொப்பமிடாததால் நின்றது. 2025 மே மாதம் மாநிலம் உச்சநீதிமன்றம் சென்றது. நிபந்தனையை ஏற்றவருக்கே நிபந்தனைப் பணம் என்பது ஒன்றியத்தின் நிலை. சட்டத்தின் சொல்லளவில் அதற்கு வலுவுண்டு. ஒரு திட்டத்தின் பணத்துக்கு இன்னொரு கொள்கையை விலையாகக் கேட்கலாமா என்ற வினாவுக்கு அந்நிலை விடை தரவில்லை.

இவ்வளவையும் படிப்பவர், சூத்திரத்தை இறுக்கிவிட்டால் போதும் என்று எண்ணக்கூடும். சூத்திரத்துக்குள்ளும் அரசியல் உறைந்திருக்கிறது. பதினைந்தாம் நிதிக்குழு 1971க்கு மாறாக 2011இன் மக்கள்தொகையைக் கொள்ள வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது தென்மாநில நிதியமைச்சர்கள் சிலர் 2018 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் கூடினர். பிறப்பைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்பது அவர்கள் கேள்வி. என். கே. சிங் தலைமையிலான குழு 12.5 விழுக்காட்டு எடையை மக்கள்தொகைச் செயற்பாட்டுக்குத் தந்து நடுவழி கண்டது. வருமான இடைவெளிக்கு 45 விழுக்காடு. தமிழ்நாட்டின் பங்கு 4.023இலிருந்து 4.079 ஆகச் சற்றே ஏறியது. கர்நாடகத்தின் பங்கு 4.713இலிருந்து 3.647 ஆக விழுந்தது. உத்தரப் பிரதேசம் 17.939, பீகார் 10.058.

இந்த எண்களைக் கண்டு தெற்கில் எழும் சினம் புரிந்துகொள்ளத்தக்கது. அதன் எதிர்ப்பக்கத்தில் ஒரு வரலாறும் உண்டு. நம் மேடைகளில் அது அரிதாகவே பேசப்படுகிறது. 1952 முதல் 1990களின் தொடக்கம் வரை நடப்பிலிருந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால், நிலக்கரியும் எஃகும் நாட்டின் எம்மூலையிலும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தன. கனிமத்தின் அருகிலேயே தொழில் தொடங்கும் காரணம் அதனால் அற்றது. அன்று ஒன்றுபட்டிருந்த பீகாரும் வங்கமும் ஒடிசாவும் இழந்த அந்த நன்மையில் ஒரு பகுதி மேற்கிலும் தெற்கிலும் ஆலைகளாக எழுந்தது. அந்தக் கைமாற்றம் எந்த நிதிக்குழுவின் அட்டவணையிலும் ஏறவில்லை. யார் யாருக்குக் கொடுக்கிறார் என்ற கணக்கு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

சூத்திரத்தை நீண்டகாலம் காத்த நாடும் இடறியிருக்கிறது. மேற்கு ஆத்திரேலியா 1933 ஏப்ரலில் கூட்டாட்சியிலிருந்து பிரிய மூன்றில் இரு பங்கு வாக்களித்தது. அவ்வாண்டே அமைந்த பொதுநல மானிய ஆணையம் உலகின் மிக நுணுக்கமான சமனாக்கக் கணக்கைப் பல பத்தாண்டுகளாக நடத்திவந்தது. இரும்புத்தாது விலை ஏறி அந்த மாநிலம் செல்வம் பெற்றபின், சராசரிப் பங்கை ஒரு டாலராகக் கொண்டால் அதன் பங்கு 2015-16இல் 30 காசளவுக்கு இறங்கியது. கணக்கு பிழையின்றி வேலை செய்ததன் பயன் அது. ஆனால் மேற்கின் தொகுதிகள் கான்பராவுக்குத் தேவைப்பட்டன. 2018இல் எந்த மாநிலமும் 70 காசுக்கும் பின்னர் 75 காசுக்கும் கீழே இறங்காது என்று சட்டம் வந்தது. பிற மாநிலங்கள் முணுமுணுக்காதிருக்க அவற்றுக்கும் இழப்பீட்டு உறுதி தரப்பட்டது. செல்வ மாநிலத்துக்கு நடுவணரசு கூடுதலாகத் தர நேர்ந்தது.

தில்லியை நோக்கி இவ்வளவு கேள்வி கேட்கும் மாநிலங்கள், அதே கேள்விகளைத் தம் ஊராட்சிகளும் நகராட்சிகளும் தம்மை நோக்கிக் கேட்க இடம் தருவதில்லை. மாநில நிதிக்குழுக்கள் 1993 முதல் அரசமைப்புக் கடமை. பல மாநிலங்களில் அவை காலந்தாழ்ந்தே அமைகின்றன. தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 திசம்பரில் தொடங்கியது, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று ஒன்றிய நிதிக்குழு மானியங்களும் இடையில் நிறுத்தப்பட்டன. கட்சிச் சின்னமின்றித் தேர்தல் நடக்கும் சிற்றூராட்சிகளை விட்டுவிடுவோம். கட்சி வெளிப்படையாகத் தெரியும் பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும், சில வாக்குகளில் முடிவான வார்டுகளின் எண்ணிக்கை குறைவாக இராது. தலைவர் பதவி ஒரு வார்டின் முடிவில் தொங்கிய ஊர்களைப் பிரித்தெடுத்து, அவற்றுக்கு மாநில அரசு தன் விருப்பப்படி ஒதுக்கிய சாலை, குடிநீர்ப் பணிகளை ஆண்டுவாரியாக அடுக்கினால், பிரேசிலில் செய்ததை இங்கேயும் செய்துபார்க்க முடியும்.